அஞ்சிய குருதி

ஒரு காட்டுப் பூனையிடம் நலமா என்று கேட்பதற்கு நாகரிகமான வழி எதுவும் நம்மிடம் இல்லை. கூண்டுப்பொறி வைத்துப் பிடிக்கவேண்டும். மயக்க மருந்து செலுத்தவேண்டும். நாளம் தேடி ஊசியேற்றவேண்டும். அதன் பிறகு கிடைக்கும் சில மில்லிலிட்டர் குருதியில் சிவப்பணு எத்தனை, வெள்ளையணு எத்தனை என்று எண்ணுகிறோம். எண்கள் வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றில் விலங்கின் உடல்நிலையோடு பொறியும் ஊசியும் கலந்திருக்கின்றன.

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்த விஷயம் எனக்கு அந்நியமானதல்ல. வீறிட்டு அழும் குழந்தையின் வெள்ளையணு எண்ணிக்கை, நோய் ஏதும் இல்லாமலேயே ஏறி நிற்கும். எங்களுடன் பணியாற்றிய மூத்த அம்மையார் ஒருவர், அத்தகைய சீட்டுகளின் ஓரத்தில் பென்சிலால் 'அழுதது' என்று எழுதி வைப்பார். இயந்திரம் அச்சிட்ட பத்துப் பதினைந்து எண்களைவிட அந்த ஒற்றைச் சொல் மருத்துவருக்கு அதிகம் உதவியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பூனை இனத்தில் இது இன்னும் தீவிரம். வீட்டுப் பூனையின் நியூட்ரோஃபில் அணுக்களில் பெரும்பகுதி இரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிக்கு அகப்படுவது ஓட்டத்தில் மிதப்பவை மட்டுமே. பூனை மிரண்டால் அட்ரினலின் சுரந்து, ஒட்டியிருந்தவை நொடிகளில் ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன, லிம்ஃபோசைட்டுகளும் கூடுகின்றன. மண்ணீரல் சுருங்கி, சேமித்த சிவப்பணுக்களை வெளியே தள்ளுகிறது. அச்சம் மணிக்கணக்கில் நீடித்தால் நிலைமை வேறு. அப்போது கார்டிசாலின் கை ஓங்குகிறது: நியூட்ரோஃபில் ஏறியே இருக்க, லிம்ஃபோசைட்டுகள் குறைகின்றன. இப்போதுதான் பயந்ததா, இரவெல்லாம் கூண்டுக்குள் பயந்துகொண்டே கிடந்ததா என்பதைக்கூடக் குருதியில் ஓரளவு படிக்கலாம். பிறகு மயக்க மருந்து ஏறுகிறது. சில மருந்துகளில் மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள, அதே விலங்கு இரத்தசோகை கண்டதுபோலக் காட்சி தருகிறது.

இதை வெறும் ஆய்வுக்கூட நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. காதுநுனியில் கருமயிர்க் குஞ்சம் கொண்ட ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப் பூனை, 2002 வாக்கில் உலகம் முழுவதும் சேர்த்து நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. எஞ்சியவை ஸ்பெயினின் தெற்கில் இரண்டு இடங்களில் ஒடுங்கியிருந்தன. அவற்றில் ஒன்றான தோன்யானாவில், 2007இல் பூனை லுகீமியா வைரஸ் பரவியது. வீட்டுப் பூனைகளிடையே சாதாரணமாகக் காணப்படும் கிருமி அது. கடும் இரத்தசோகையுடன் லின்க்ஸ்கள் இறந்தன. மற்றவற்றைப் பிடித்து, சோதித்து, தொற்றுள்ளவற்றைக் காட்டிலிருந்து பிரித்து, தொற்றில்லாதவற்றுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வைரஸைக் கண்டறியத் தனிச் சோதனை உண்டு. ஆனால் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு அணுக்களின் எண்ணிக்கையைத்தான் நம்பவேண்டும். சிவப்பணு குறைந்தது நோயினாலா, மருந்தினாலா? நூறுகூட இல்லாத ஓர் இனத்தில் ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் இந்தக் கேள்வி கனத்துவிடுகிறது.

இதே லின்க்ஸுக்காகக் கையாளப்பட்ட இன்னொரு வழியை வாசித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பகத்தில் வளர்க்கும் பெண் லின்க்ஸ் சினையாக இருக்கிறதா என்று அறிய இரத்தம் தேவை. சினையுற்ற விலங்கைப் பிடித்து மிரட்டுவதோ ஆபத்து. ஆகவே அது படுத்துறங்கும் தக்கைப் பலகையில் சிறு குழிவு செய்து, பசித்த பூச்சியொன்றை உள்ளே வைத்தார்கள். நம் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. மெக்சிகோவைச் சேர்ந்த இனம். லின்க்ஸ் உறங்கும், பூச்சி வலியில்லாமல் உறிஞ்சும், பிறகு பூச்சியின் வயிற்றிலிருந்து அந்த இரத்தத்தை ஊசியால் எடுத்துக்கொள்வார்கள். உறங்குகிற விலங்கின் குருதி அது. ஆயினும் காட்டில் திரியும் விலங்கை இப்படி அணுக முடியாது. அங்கே இன்றும் கூண்டும் மயக்க மருந்தும்தான்.

காட்டுப் பூனைகளின் இயல்பான அணு எண்ணிக்கை என்று அட்டவணைகள் வெளியிடப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், எப்படிப் பிடித்தார்கள், எத்தனை மணிநேரம் அடைபட்டிருந்தது, எந்த மருந்து என்ற குறிப்புகளைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. அவை இல்லாத இயல்பு எண் யாருடைய இயல்பு? கூண்டில் பிறந்து ஊசிக்குப் பழகிய விலங்கின் எண்ணை வைத்து, முதன்முறை மனிதவாடை பட்டு நடுங்கும் விலங்கை நோயாளி என்று சொல்லிவிடக்கூடும். உண்மையான நோயை வெறும் பயம் என்று தள்ளிவிடுவதும் நடக்கக்கூடும்.

ஐபீரிய லின்க்ஸ் 2023 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2024இல் அதன் அபாயநிலையை ஒரு படி தளர்த்தினார்கள். முயல்கள், வாழிடம், காப்பக இனப்பெருக்கம் என்று அதற்குக் காரணங்கள் பல. அந்தப் பட்டியலின் கடைசியிலாவது, எண்களுக்குப் பக்கத்தில் விலங்கின் பயத்தையும் குறித்துவைத்த பொறுமைக்கு ஓர் இடம் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.