கழுவித் துடைக்கிற கை

செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் நர்சிங் படிக்கப் போகிற பெண்கள் என்னைப் பார்க்க வருவதுண்டு. வென்டிலேட்டர், மானிட்டர் பற்றியெல்லாம் கேட்பார்கள். மலம் அள்ளுவதைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. அது ஆயா வேலை என்று நினைப்பு. கல்லீரல் ஐசியூவில் நாலு நாள் நின்றால் அந்த நினைப்பு ஓடிவிடும்.

ஹைதராபாத் கல்லீரல் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். கச்சிபௌலி ஏஐஜி, பஞ்சாகுட்டா நிம்ஸ் ஆஸ்பத்திரிகளைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 2013-ல் தொடங்கிய 'ஜீவன்தான்' திட்டத்தில் மாற்றுக் கல்லீரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அதுவரை அவர்களைத் தாக்குப்பிடிக்க வைப்பதில் நர்ஸுக்குப் பெரிய பங்கு.

கெட்டுப்போன கல்லீரல், குடலில் உண்டாகும் அம்மோனியாவை முறிக்காது. அது மூளைக்குப் போகும். முதலில் ராத்திரி முழிப்பு, பகலெல்லாம் தூக்கம். பிறகு கிழமை மறக்கும். கையை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னால், விரல்கள் தொய்ந்து தொய்ந்து எழும். முற்றினால் நினைவு தப்பும். அப்போது எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலில் இறங்காமல் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திவைத்துக் காவல் இருக்க வேண்டும்.

இந்த அம்மோனியாவுக்கு முதல் மருந்து லாக்டுலோஸ் சிரப். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். குறைந்தால் அம்மோனியா தங்கும். அளவு மீறினால் உடம்பு வறண்டு, அதனாலேயே மயக்கம் கூடும். ஆகவே எண்ணிக்கைதான் அளவுகோல். கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று டாக்டரை எழுப்ப வேண்டும். டயப்பரைச் சுருட்டி எறிந்துவிட்டு 'மோஷன் ஆச்சு' என்று மட்டும் எழுதுகிற நர்ஸ் பாதி வைத்தியத்தைக் குப்பையில் போடுகிறாள். துடைத்துத் துடைத்துப் புண்ணாகும் தோலுக்குக் களிம்பு தடவுவதும் அவள் வேலைதான்.

திட்டும் வாங்க வேண்டும். அதிர்ந்து பேசாத ஒரு வாத்தியார், ராத்திரி இரண்டு மணிக்குக் காது கூசும் வார்த்தைகளைக் கொட்டினார். மனைவி வராந்தாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவர் பேசலம்மா, அம்மோனியா பேசுது" என்று தெலுங்கில் சொன்னேன். தூங்க ஊசி போடக்கூடாதா என்று கேட்டார். இந்த நோயாளியைத் தூக்க மருந்து ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளிவிடும். முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் இருக்கிறதா, மலச்சிக்கலா என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் படித்தபோது இந்த நோயாளிகளுக்குப் பருப்பு, முட்டையை நிறுத்தச் சொன்னார்கள். இப்போது அது தப்பு என்கிறார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், படுக்குமுன் சிற்றுண்டி. நல்ல மாற்றம்.

தேறியதும் சிரப்பை நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் நிறையப் பேர். அதனால் டிஸ்சார்ஜ் அன்று ஒரு நோட்டு போடச் சொல்வேன்: காலையில் நோயாளியின் கையெழுத்து, பக்கத்தில் எத்தனை முறை மலம் போனது என்ற கணக்கு. கையெழுத்து கோணினால் உடனே ஆஸ்பத்திரி. மருமகளிடம் சொல்லக் கூசி "ஆச்சு, ஆச்சு" என்று சமாளிக்கிற மாமனார்களைத் தெரியும் என்பதால், நோட்டை மகன் கையில்தான் கொடுப்பேன்.