கத்திக்கு முதலில் தெரியும்

வந்திருக்கும் திசு எந்த வகை என்பது நுண்ணோக்கிக்குப் போகும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். திசுவைச் சீவும் மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றும்போது கத்தி இறங்கும் விதமே சொல்லிவிடும். தஞ்சாவூரில் பயாப்சித் துண்டுகளைச் சீவி ஸ்லைடு போட்டுக் கொடுக்கும் டெக்னீஷியன் நான். எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று நாலு வகையைப் படித்துத் தேர்வு எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் அவை எனக்கு விளங்கியது மெழுகு பிளாக்கைச் சீவத் தொடங்கிய பிறகுதான்.

ஃபார்மலினில் ஊறிய துண்டு, 70 சதவீத ஆல்கஹாலில் தொடங்கிக் கலப்பற்ற ஆல்கஹால் வரை படிப்படியாக நீரை இழக்கும். பிறகு சைலீன், அதன்பின் உருகிய பாரஃபின் மெழுகு. ஆறிக் கட்டியானதும் 4 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் 250 சீவல் எடுக்கும் கணக்கு. சீவல்கள் ஒட்டிக்கொண்டு ரிப்பனாக வரும். சித்திரை, வைகாசி வெயிலில் மெழுகு இளகி ரிப்பன் கசங்கிப்போகும். பிளாக்கை ஐஸ்மேல் கவிழ்த்து வைத்து, குளிர் விடுவதற்குள் சீவி முடிக்க வேண்டும்.

கருப்பைத் துண்டு என்றால் கத்தி கனமாக இறங்கும். தசைக் கட்டுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. பிள்ளையை எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கித் தள்ள அந்தப் பின்னல் வேண்டும். ஆல்கஹாலில் அதிக நேரம் கிடந்தால் தசை மொறுமொறுத்து நொறுங்கும். மார்பகக் கட்டியைச் சுற்றி வரும் கொழுப்பு வேறு ரகம். அவசரப்பட்டால் மெழுகு உள்ளே ஏறாது, பிளாக்கிலிருந்து பிய்ந்து வந்துவிடும். கொழுப்பும் இணைப்புத் திசுதான். எலும்பும் ரத்தமும்கூட அந்தக் குடும்பமே. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் ஸ்லைடில் மிஞ்சுவது வெற்று வளையங்கள். கொழுப்புச் செல்லின் உட்கரு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

திசு என்ற எண்ணத்தையே மருத்துவத்தில் நிலைநாட்டிய பிரான்சு நாட்டு சேவியர் பிஷா நுண்ணோக்கியை நம்பவில்லை. உடல்களை அறுத்து, உலர்த்தி, வேகவைத்து, அமிலத்தில் போட்டுப் பார்த்தே 21 வகைத் திசுக்களைப் பிரித்தார். இதை விளக்கிய அவருடைய நூல் 1801இல் வந்தது. மறு ஆண்டே, 30 வயதில் இறந்துபோனார். எங்கள் தொழிலுக்கு முதல் ஆசான் அவர் என்றே நான் நினைக்கிறேன்.

நாற்று நட்டும் களை பறித்தும் சேற்றிலேயே நின்ற கால் இந்தப் பக்கத்துக் கால். உள்ளங்கால் தோலைச் சீவினால் மேலே கெட்டியான கெராட்டின் அடுக்கு கத்தியை இழுக்கும், ரிப்பன் கிழியும். அடியில் பிறக்கும் செல்கள் மேலே ஏறி, கெராட்டின் நிறைந்து, செத்து அடுக்காகின்றன. அந்தச் செத்த அடுக்குதான் சேற்றையும் முள்ளையும் தாங்குகிறது. குடலின் உட்புறமும் எபிதீலியம்தான். ஆனால் சோற்றின் சத்து உடலுக்குள் போக வேண்டிய இடமாதலால் அங்கே ஒரே ஒரு வரிசைச் செல்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் கவலையோடு கையில் எடுப்பது வாய்ப் பயாப்சி. கல்யாணமோ துக்கமோ, தாம்பூலம் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. வெற்றிலைமேல் நான் பழி சொல்லவில்லை, பாக்கின்மேல் சொல்கிறேன். பாக்கில் உள்ள அரிகோலின், எபிதீலியத்துக்குக் கீழே உள்ள இணைப்புத் திசுச் செல்களைத் தூண்டிக் கொலாஜன் நார்களைப் பெருக்குகிறது. பாக்கின் செம்புச்சத்து அந்த நார்களை இன்னும் இறுக்கிக் கட்ட உதவுகிறது. நாளடைவில் கன்னம் விறைத்து, வாய் திறப்பது குறையும். சோற்று உருண்டை நுழையாத நிலைகூட வரும். இலகுவாகச் சீவ வேண்டிய கன்னத் துண்டு கத்திக்கு வார் போலத் தட்டுப்படும். ஸ்லைடில் மேலே எபிதீலியம் மெலிந்து கிடக்கும். கீழே இயோசின் சாயம் ஏறிய இளஞ்சிவப்புப் பட்டை, செல்லே அதிகம் இல்லாமல். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. பொட்டலப் பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு பள்ளி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

அரிசி மணி அளவே இருக்கும் அந்த வாய்த் துண்டை மெழுகில் பதிக்கும்போது இடுக்கியால் பிடித்து நிமிர்த்தி வைக்கிறேன். படுத்துவிட்டால் மேல்தோல் மட்டுமே சீவலில் வரும். நின்றால்தான் எபிதீலியம், அதன் அடிச்சவ்வு, கீழே இறுகிய நார் மூன்றும் ஒரே சீவலில் கிடைக்கும். அடிச்சவ்வைத் தாண்டி எபிதீலியச் செல்கள் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் மருத்துவர் புற்றுநோயா, இல்லையா என்று எழுதுவார்.