ஒரு கை, இரண்டு கம்ப்யூட்டர்

1961-ல் அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு விசைப்பலகை, யந்திரம் மட்டும் ஒன்று. அன்று அது அவ்வளவு அரிய பொருள். இன்று காலம் தலைகீழாக மாறிவிட்டது. கம்ப்யூட்டர் இரண்டு மூன்று இருக்கிறது, மேஜையில்தான் இடமில்லை. ஆகவே ஒரே விசைப்பலகை, ஒரே மவுஸ், ஒரே திரை. நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாதனம். கே.வி.எம். சுவிட்ச் என்கிறார்கள். பொத்தானைத் தட்டினால் திரையும் விசையும் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விடும். கண்ணுக்கு மறைந்த கம்ப்யூட்டர் தூங்குவதில்லை. தன் காரியத்தைச் செய்துகொண்டே இருக்கும்.

இது எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்குப் புதுமையல்ல. 1936-ல் ராஜபாளையம் மில் ஏற்பட்ட ஊர் இது. நூல் மில்லில் ஒரு பெண் பல யந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றில் அறுந்த இழையை அவள் ஒட்டும்போது, முதுகுக்குப் பின்னால் மற்றொன்று நூற்றுக்கொண்டேதான் இருக்கிறது.

பஸ்ஸில் அரை மணி போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே என் புத்தகங்களுக்குப் பக்கம் கோத்துக் கொடுக்கும் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். கடை நான்கு பேர் நிற்கக் காணாது. அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு விசைப்பலகை. பழையதில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டதால், அதை இண்டர்நெட் பக்கமே அவர் விடுவதில்லை. மெயில் முதலியவை புதியதில்.

"விசைப்பலகை ஒன்றுதானே? அங்கே இருப்பதை இங்கே இழுத்துப் போட்டுவிட முடியாதா?" என்று கேட்டேன்.

"கைதான் சார் ஒண்ணு. சரக்கு தனித்தனி" என்றார்.

வாஸ்தவம். கையும் விரும்பியபடி ஒன்றாக இருப்பதில்லை. இடது சுண்டுவிரல் படியும் விசையைத் தட்டினால், பழைய கம்ப்யூட்டரில் டைப்ரைட்டர் முறைப்படி 'ய' விழுகிறது. அதே விசை புதியதில், 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 முறைப்படி, 'அ' ஆகிவிடுகிறது. சுவிட்ச் மாறிய கணத்தில் அவருடைய விரல்களும் மாறியாக வேண்டும். மாறுகின்றன, நான் பார்த்தேன்.

அவருடைய மகனுக்கு இது பிடிக்கவில்லை. "பழசைக் காயலான் கடையில் போடுங்கப்பா" என்கிறான். பெரியவர் அசைவதாயில்லை. ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளும் என் மூன்று நாவல்களும் அதில் இருக்கின்றன. மூன்றாவது இன்னும் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. பென் டிரைவில் நகல் எடுத்தாயிற்று. ஆனால் அதைத் திறக்க வேண்டிய பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் அவரிடம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன.

யூனிகோடுக்கு மாற்றுவதும் லேசல்ல. பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றிக் கொடுக்கும் புரோகிராம்கள் உண்டு. என்றாலும் வரி வரியாகப் பிழை பார்க்கத்தான் வேண்டும்.

ஆடியில் கல்யாணமில்லை. ஆண்டாள் தேர் பார்க்க ஊரே திரளும் அந்த மாதத்தில்தான் அவருக்கு ஓய்வு. போன ஆடிக்கு முதல் நாவல் கரையேறிற்று. இந்த ஆடிக்கு இரண்டாவது. மூன்றாவது அந்தப் பக்கமே நிற்கிறது. பழைய கம்ப்யூட்டரின் விசிறி இப்போதெல்லாம் பலமாக இரைகிறது. இன்னும் ஓர் ஆடி வரைக்கும் அது தாங்கினால் போதும்.