இடக்கோடியில் நின்றவர்

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் கால்பந்தாட்டப் பைத்தியம் தொற்றாத வீடு அரிது. லேக் மார்க்கெட் பக்கம் நாம் வளர்ந்த தெருவில், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் மணக்கும். மோகன் பகான் வென்றால் இறால் மணக்கும். மீன் நுழையாத நம் வீட்டிலோ எவர் வென்றாலும் சாம்பார்தான். ஆயினும் வாதத்தில் நாம் யாருக்கும் சளைத்தவரல்லர்.

வாதம் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சுற்றியே நடக்கும். சுனி கோஸ்வாமி பெரியவரா, பி. கே. பானர்ஜி பெரியவரா? மூன்றாவது பெயரைப் பேச்சு முடியும் தறுவாயில், விட்டுவிடக் கூடாதே என்று சேர்த்துக்கொள்வோம். துளசிதாஸ் பலராம்! செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர் என்பதை நாம் அறிந்தது வெகு காலம் கழித்துத்தான். அறிந்தபோது சற்று வெட்கமாகவும் இருந்தது.

ஈஸ்ட் பெங்காலில் அவர் முன்னின்று கோல் போடுபவர். 1961-இல் அவர் தலைமையில் அந்த அணி ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின் கல்கத்தா லீகை வென்றது. அப்பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 23. இந்திய அணியில் நிலைமை வேறு. உள்ளிடப் பக்கம் சுனியின் இடம், வலக்கோடி பி. கே.யினுடையது. பயிற்சியாளர் ரஹீம் பலராமை இடக்கோடியில் நிறுத்தினார். கோட்டை ஒட்டி நிற்பவனுக்குப் பந்து எப்போதாவதுதான் வரும். வந்தாலும், அதைப் பிறர் காலடியில் சேர்ப்பதே பெரும்பாலும் அவன் வேலை. அப்படியிருந்தும் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட மூன்று கோல்களில் இரண்டு அவருடையவை. ஒன்று ஹங்கேரிக்கு எதிராக, மற்றொன்று பெரு நாட்டுக்கு எதிராக.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. கோல் போட்டவர்கள் பி. கே.யும், தலையில் காயத்தோடு முன்வரிசைக்கு வந்து ஆடிய ஜர்னைல் சிங்கும். மறுநாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பலராம் என்னதான் செய்தாராம்?" என்று நாம் அசட்டுத்தனமாகக் கேட்டோம்.

அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடினால் வழி எங்கேடா இருக்கும்? ஒருத்தன் ஓரமா நின்னாத்தான், அவனைக் காக்க எதிராளியில் ஒருத்தன் அங்கே போவான். நடுவிலே இடம் பிறக்கும்" என்றார்.

டல்ஹௌஸி அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் பிறர் கையெழுத்திடும் கணக்குகளை எழுதியவர் அவர். அன்று அவர் பந்தாட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார் என்றே எண்ணியிருந்தோம்.

நுரையீரல் நோயினால் 1963-லேயே பலராமின் ஆட்டம் முடிந்தது. வயது முப்பதைத் தொடவில்லை. அர்ஜுனா விருது 1962-இல் கிடைத்தது. சுனிக்கு 1983-லும் பி. கே.க்கு 1990-லும் பத்மஸ்ரீ வந்தது, இவருக்கு வரவில்லை. இதை நினைக்கும்போது நமக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

2020 மார்ச்சில் பி. கே. மறைந்தார்; ஏப்ரலில் சுனி. மூவரில் எஞ்சிய பலராம் 2023 பிப்ரவரி 16-இல் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் வசித்தது ஹூக்ளி நதிக்கரையில் உள்ள உத்தரபாராவில். ஹௌராவிலிருந்து அரைமணிக்குள் சென்றுவிடலாம். பர்த்வான் போகும்போதெல்லாம் அந்த நிலையத்தை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். ஒரு முறையும் இறங்கவில்லை.