முதலாவது ஊசி

கனடாவில் இருக்கும் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். வழக்கம்போல ஊர்ப்புதினம் எதுவும் கேட்கவில்லை. மகனுக்கு 24 வயது. கழுத்தில் ஒரு கட்டி. சோதித்துப் பார்த்ததில் ஹொட்ஜ்கின் வகைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. திங்கட்கிழமை முதலாவது கீமோதெரபி. "உனக்கும் உதுதானே வந்தது. அவனோடை ஒருக்காக் கதைக்கிறியா? எங்களோடை வாய் திறக்கிறானில்லை" என்றார். கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், என்னத்தைக் கதைப்பது என்ற யோசனை வந்தது.

எனக்கு அது 2014இல் வந்தது. அப்போது நாற்பது வயது முடியவில்லை. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கட்டடம் எழுந்த கதை எனக்குத் தெரியும். நானே எழுதிய செய்தி அது. 2011 யூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ என்ற இருவர் முன்னின்று தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். வழிநெடுகப் பலரும் சேர்ந்துகொண்டார்கள். வடக்கில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டுவதே நோக்கம். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள். தெற்கிலிருந்து வருகிற எதையும் ஐயத்தோடு பார்த்த காலம். நானும் அரைமனதோடு நாலு பந்தி எழுதி முடித்தேன். அந்த நடையில் சேர்ந்த பணத்தில் கட்டிய கட்டடத்தில், மூன்றே ஆண்டுகளில், கையில் ஊசியோடு படுத்திருப்பேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் சித்தப்பாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 2006இல் மகரகமவில் முதலாவது ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பயண அனுமதியும் திருகோணமலைக் கப்பலில் ஓர் இடமும் கிடைப்பதற்குள் இரண்டாவது ஊசிக்குரிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு காலமானார். எங்கள் கொக்குவில் வீட்டிலிருந்து தெல்லிப்பழைக்குக் காங்கேசன்துறை வீதியால் முச்சக்கரவண்டியில் அரை மணித்தியாலம். ஒவ்வொரு முறையும் அந்த வீதியில் சித்தப்பாவை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

விடுதியில் நான்தான் இளையவன். பெரும்பாலானவர்கள் வாயிலும் கன்னத்திலும் நோய் வந்த முதியவர்கள். ஆயுள் முழுவதும் வெற்றிலையும் புகையிலையும் மென்றவர்கள். அந்தப் புகையிலையைச் செம்மண்ணில் தாமே நட்டு வளர்த்தவர்களும் இருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஏழாலைப் பக்கத்து ஐயா ஒருவர். ஒரு கன்னத்தில் தையல் தழும்பு. சொற்கள் பாதிதான் வெளியே வரும்.

"தம்பி, இது உமக்கு எத்தினையாவது?"

"முதலாவது ஐயா."

"அப்ப இண்டைக்கு ஒண்டும் செய்யாது. நாளையிண்டைக்குத்தான் தெரியும்."

வைத்தியர்கள் பொறுமையாக நிறைய விளக்கம் சொன்னார்கள். ஆனாலும் அந்த ஒரு வாரத்தில் நான் கேட்டவற்றுள் மிகத் துல்லியமான வார்த்தை அதுதான்.

நாலு மருந்துகள். சிவப்பாக ஒன்று, டோக்ஸோரூபிசின். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று தாதி முன்கூட்டியே சொல்லிவைத்தார். சொல்லியிருக்காவிட்டால் நான் பயத்திலேயே போயிருப்பேன். டக்கார்பசின் என்ற இன்னொன்றில் வெளிச்சம் படக்கூடாதாம், பையை மூடிக் கட்டியிருந்தார்கள். அது ஏறும்போது நரம்பு தீய்ந்ததுபோல் எரிந்தது. வேகத்தைக் குறைத்ததும் ஓரளவு தணிந்தது. மாலையில் வீடு வந்து, இவ்வளவுதானா என்று மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டு இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, அடுத்த வளவில் யாரோ கருவாடு பொரித்தார்கள். அதன் பிறகு நான்கு நாட்கள் நான் மனிதனாக இல்லை. வாய்க்குள் செப்புக் காசை வைத்திருப்பது போன்ற ஒரு சுவை. அரிசிக் கஞ்சியும் தொட்டுக்கொள்ளத் தேசிக்காய் ஊறுகாயும் மட்டுமே உள்ளே இறங்கின. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும்: வாந்தியைவிட மலச்சிக்கல்தான் என்னை அழவைத்தது. அதற்கு மருந்து இருந்தது. கேட்க வெட்கப்பட்டு மூன்று நாட்கள் வீணாகப் பட்ட பாடு அது.

வெட்கம் என்றதும் இன்னொன்று. நோய் தெரிந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார்: "ஒருத்தருக்கும் வாய் திறவாதை. பொம்பிளைப் பிள்ளை வளருது." என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஊரார் மறைத்ததையெல்லாம் அச்சில் ஏற்றிச் சம்பளம் வாங்கியவன், மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன். அயலில் செங்கமாரி என்று சொல்லிவைத்தோம். அதன் விளைவு, முன்வீட்டு ஓட்டோக்கார அண்ணை நாள்தோறும் விடியற்காலையில் கீழ்க்காய்நெல்லி பிடுங்கிக்கொண்டு வந்து படலையடியில் நிற்பார். நன்றி சொல்லி வாங்கி, அவர் போனதும் கோடிப்புறத்தில் எறிவோம்.

மூலிகை என்றால் என் நரம்புக்குள் ஏற்கெனவே ஒன்று ஏறியிருந்தது. நாலு மருந்துகளில் வின்பிளாஸ்டின் என்பது நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பட்டிப்பூ. எங்கள் கிணற்றடியிலும் நின்றது. ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஜமேக்காவில் நீரிழிவுக்கு அதன் இலையைக் குடிக்கிறார்கள் என்று அறிந்து, கனடாவில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் அதன் சாற்றை எலிகளில் சோதித்தார்கள். நீரிழிவுக்குப் பயனில்லை. ஆனால் ஊசியேற்றிய எலிகள் கிருமித்தொற்றால் இறந்தன. பார்த்தால் வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. குருதிப் புற்றுநோய்க்கு உதவக்கூடும் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1958இல் அந்தப் பொருளைப் பற்றி அறிவித்தார்கள். கட்டிலில் கிடந்தபடி இதை வாசித்தபோது நல்ல செய்திக்கட்டுரை என்று நினைத்தேனே தவிர, அந்த எலி நான்தான் என்பது உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல். 101.6. ஊசிக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்கலங்கள் குறைந்திருக்கும், 100.4ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போகமாட்டேன் என்றேன். இரவில் ஓட்டோ பிடிப்பதென்றால் முன்வீட்டு அண்ணையைத்தான் எழுப்பவேண்டும். எழுப்பினால் எல்லாம் வெளியில் வந்துவிடும். ஒரு பனடோல் போட்டுக்கொண்டு விடியப் பார்ப்போம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பல் கிடுகிடுத்தது. இரண்டு மணியளவில் மனைவி என்னிடம் எதுவும் கேட்காமல் படலையைத் திறந்துகொண்டு போனார்.

அண்ணை சாரத்தோடு வந்து வண்டியைத் திருப்பினார். "பெரியாஸ்பத்திரிக்கோ?"

"தெல்லிப்பழைக்கு" என்றார் மனைவி.

அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் அந்த ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டிருந்தது. இணுவில், மருதனார்மடம் எல்லாம் இருட்டில் கடந்தன. சுன்னாகம் தாண்டியபின் அவர் திரும்பாமலே சொன்னார்: "அப்ப கீழ்க்காய்நெல்லி கேக்காதுதான்." சற்றுப் பொறுத்து, "எங்கடை அக்காவுக்கும் உதுதான் தம்பி. நாங்களும் அல்சர் எண்டுதான் சொன்னனாங்கள்."

ஐந்து நாட்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த வெண்கலங்களோடு விடியும்வரை படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வைத்தியர் என்னிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னார். பிறகு அம்மாவின் சொல்லையும் மீறி அயலில் எல்லோருக்கும் சொன்னோம். மகளிடம்தான் கடைசியாகச் சொன்னோம். அவள் அதற்கு முன்பே குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பலதையும் கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை தோழரின் மகனோடு கதைத்தேன். காய்ச்சல் கணக்கைத்தான் முதலில் சொன்னேன்: 38 பாகை, எந்த நேரமென்றாலும். தலைமயிர் எப்போது கொட்டும் என்று கேட்டான். எனக்குப் பதினெட்டாம் நாள், தலையணையில், என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"மாமா, பிள்ளை பெறுறதைப் பற்றி டொக்டர் கேட்டவர். ஊசிக்கு முதலே விந்து எடுத்துப் பாதுகாத்து வைக்கலாமாம். அப்பா பக்கத்திலை நிண்டவர். நான் வேண்டாம் எண்டிட்டன்."

"வேண்டாமோ, அப்பா நிண்டதோ?"

"அப்பா நிண்டது."

"உடனை டொக்டருக்கு எடு. திங்களுக்கு முதல் செய்யேலுமோ எண்டு கேள். அப்பாவை நான் வெளியிலை நிக்கச் சொல்லுறன்" என்றேன்.