பின்னேரச் சிநேகிதி

கும்மிடிப்பூண்டியில் கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மார்கழி விடியற்காலையில்கூடச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டால் போதும் என்கிற ஊர் அது. சித்திரை, வைகாசியிலோ கேட்கவே வேண்டாம். சிப்காட்டின் இரும்பாலைகளும் சூரிய பகவானும் போட்டி போட்டுக்கொண்டு ஊரைக் காய்ச்சுவார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாக நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்? என் பிள்ளைகளே சிரித்தவர்கள்தாம்.

நான் திருவள்ளூர்க்காரி. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். 1990-ல் என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உத்தியோகம் ஆயிற்று, ஜாகையை மாற்றினோம். திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது. 1997-ல்தான் பிரித்தார்கள். இப்போது இரண்டும் ஒரே மாவட்டம் என்று பேர். ஆனால் ரயிலில் பிறந்த வீடு போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வேறு வண்டி ஏற வேண்டும். பஸ்ஸென்றால் பெரியபாளையத்தைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக மாறி மாறி ஏற வேண்டும். ஆகவே போகவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசினார்கள். பகலெல்லாம் ஆலைச் சங்குதான் எனக்குத் துணை.

எனக்குப் பின்னல் வேலை வந்தது அம்மாவிடமிருந்து. 1962-ல் சீன யுத்தம் மூண்டபோது, பனிமலையில் நிற்கும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுங்கள் என்று நாடெங்கும் பெண்களைக் கேட்டுக்கொண்டார்கள் அல்லவா? பனியைக் கண்ணாலும் பார்த்திராத எங்கள் அம்மாவும் அக்கம்பக்கத்து மாமிகளும் திண்ணையில் உட்கார்ந்து பின்னினார்கள். எனக்கு ஏழு வயசு. கண்ணி நழுவாமல் பத்து வரி பின்னினால் ஒரு கமர்கட் கிடைக்கும். அப்படிக் கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு பெட்டிக்குள் போய்விட்டது.

அதை வெளியே எடுக்க வைத்தது கும்மிடிப்பூண்டித் தபாலாபீஸ். ஒரு நாள் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், தலையை நிமிர்த்தாமல் பின்னிக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று வயசு மூத்தவளாக இருக்கலாம். கையில் இருந்தவை ஊசிகள் அல்ல. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள்! முனையைத் தரையில் உரசிக் கூராக்கி, மறுமுனையில் கண்ணி விழாதிருக்க மெழுகை உருட்டி ஒட்டியிருந்தாள். நூல் நெளிநெளியாக, சுருட்டை முடி மாதிரி இருந்தது. பின்னத் தெரிந்த சகோதரிகளுக்குப் புரிந்திருக்கும்: அது கடையில் வாங்கிய நூல் அல்ல, ஏற்கெனவே சட்டையாக இருந்ததைப் பிரித்த நூல்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"திருகோணமலை" என்றாள்.

1983-லிருந்தே இலங்கைத் தமிழர்கள் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். 1987 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். 1990 ஜூனில் மறுபடியும் சண்டை மூண்டதும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ராமேசுவரம், மண்டபம், அங்கிருந்து தமிழ்நாடு முழுக்க முகாம்கள். அவற்றுள் பெரியவற்றில் ஒன்று கும்மிடிப்பூண்டி. என் சிநேகிதி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல மனசுக்காரர் யாரோ அனுப்பிய பழைய துணி மூட்டையில் அவளுக்குக் கிடைத்தது ஒரு முழுக்கை ஸ்வெட்டர். வேறு யாராக இருந்தாலும் கும்மிடிப்பூண்டி வெயிலில் அதைப் பார்த்து அழுதிருப்பார்கள், அல்லது தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். இவள் பிரித்துவிட்டாள்! பிரித்து, அலசி, கொடியில் மாட்டி, அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, சுருக்கத்தைப் பாதி எடுத்திருந்தாள்.

அந்தப் பெஞ்சியிலேயே, ஜாகை எங்கே என்று சொல்லி, "ஒரு நாள் வாருங்களேன்" என்றேன்.

"பின்னேரம் வாறன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. 'பின்னும் நேரம்' என்று காதில் விழுந்தது. இலங்கையில் பின்னுவதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது, என்ன ஒழுங்கான ஜனங்கள் என்று வியந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயந்திரம் நாலு மணிக்கு வாசலில் நின்றாள். பின்னேரம் என்றால் அவர்கள் ஊரில் சாயங்காலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! கடல் தாண்டி வந்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னாள். அன்று முதல் எங்களுக்குள் அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

"கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டிருப்பம், தங்கச்சி" என்பாள். முதலில் ஏதோ கதை சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பேன். அவளோ பருப்பு விலையைப் பேசுவாள். நான் நாற்காலி என்றால் அவள் கதிரை என்பாள். ஒரே பாஷைதான், ஆனால் நடுவில் ஒரு கடல் இருப்பது வார்த்தைக்கு வார்த்தை தெரியும். கைகளுக்கும் அப்படித்தான். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது நூலை வலக்கையில் பிடித்து ஊசியின்மேல் சுற்றிப் போடுகிற முறை. அவள் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். நூலை இடக்கை விரலில் மாட்டிக்கொண்டு ஊசி முனையால் கொத்தி எடுப்பாள், குருவி நெல் பொறுக்குவது மாதிரி. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். என் பெட்டியில் இருந்த பத்தாம் நம்பர் ஊசியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் சைக்கிள் கம்பியைத் தூக்கிப் போடவில்லை. இடுப்புப் பட்டிக்குக் கம்பி, உடம்புக்குப் பத்தாம் நம்பர் என்று பங்கு பிரித்துவிட்டாள்.

யாருக்காகப் பின்னினாள் என்று சொல்லவில்லையே! அவளுடைய தங்கை 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போய், டொரன்டோவில் குடியிருந்தாள். 1989-ல் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. போட்டோ தவிரப் பெரியம்மா அதைப் பார்த்ததில்லை. டொரன்டோவில் கடைகளில் கிடைக்காத ஸ்வெட்டரா? ஆனால் பெரியம்மாவுக்குக் கொடுக்க வேறு என்ன இருந்தது, நீங்களே சொல்லுங்கள். அளவு தெரிய வேண்டுமே! அதற்குத் தங்கை ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கடிதத்துக்குள் இரண்டு நூல்கள் வரும். சிவப்பு நூல் குழந்தையின் மார்புச் சுற்றளவு, வெள்ளை நூல் கை நீளம். என் சிநேகிதி கடிதத்தைப் படிக்கும் முன்னால் நூலைத்தான் எடுப்பாள். மேஜைமேல் நீட்டிவைத்து, போன தடவை வந்த நூலையும் பக்கத்தில் வைத்து, "ரண்டு விரல் வளர்ந்திட்டாள்" என்பாள். தபால் வந்து சேர மூன்று வாரம், பின்னிப் பொட்டலம் அனுப்பினால் மேலும் பல வாரம். அதற்குள் குழந்தை இன்னும் வளர்ந்துவிடும். அதனால் நூலின் நீளத்தோடு ஒரு விரல் கூட்டிக்கொள்வாள். பார்க்காத குழந்தையின் வளர்த்தியைக் கணக்குப் போடுவதில் அவளுக்கு நிகர் கிடையாது.

1991 மே 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்கு அப்புறம் இந்த நாட்டில் இலங்கைத் தமிழ் பேசுகிறவர்கள் பட்டதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. முகாம்களில் கட்டுப்பாடு இறுகிற்று. எங்கள் குடியிருப்பிலும், "அந்த அம்மாளை ஏன் வீட்டுக்குள் விடுகிறீர்கள்?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து விசாரித்தார்கள். பயப்பட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாதம் எல்லாருமே பயந்துதான் இருந்தோம். ஆனால் வாசலில் வந்து நின்று யோசனை சொன்னவர்களுக்கு, "நாங்கள் ஸ்வெட்டர் பின்னுகிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவளே புத்திசாலி. வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து அவளுடைய மூத்த பையன் ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தான். திறந்தால் உள்ளே பாதி பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர், ஊசியோடு. சீட்டு, கடிதம் எதுவும் இல்லை. எனக்குப் புரிந்தது. நான் எட்டு வரி பின்னி, ஊசியை அப்படியே செருகி, டப்பாவை மூடி, அவன் கையில் நாலு முறுக்கும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் டப்பா திரும்பி வந்தது, அவள் பின்னிய வரிகளோடு. இப்படியே மூன்று மாதம். அவள் நலமாக இருக்கிறாள் என்பதை வரிகளைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். ஒரு தடவை கண்ணிகள் தாறுமாறாக இருந்தன, பையனைக் கேட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றான். அன்று டப்பாவில் சுக்கும் மிளகும் கட்டி வைத்தேன்.

அந்த மஞ்சள் ஸ்வெட்டர் டொரன்டோ போய்ச் சேர்ந்தது. தங்கையிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரிப்பதற்கும் முன்னால் முதல் வரியிலேயே ஒரு கேள்வி: இதில் இரண்டு பேருடைய கை இருக்கிறதே, மற்றது யார்?

என் கை இறுக்கம், அவள் கை தளர்ச்சி. எட்டு வரி இறுக்கம், பத்து வரி தளர்ச்சி என்று சட்டை முழுவதும் அலையடித்திருக்கிறது! கடல் தாண்டி இருக்கிற ஒரு பெண், என்னைக் கண்ணால் பார்த்திராதவள், என் கையைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கடிதத்தை என் சிநேகிதி, கெடுபிடி சற்றுத் தளர்ந்த பிறகு, தானே எடுத்துவந்து படித்துக் காட்டினாள்.

1992-லிருந்து 1995 வரை ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அவளுடைய பக்கத்துக் குடிசைக்காரர்கள் போனார்கள். அவளும் பெட்டியைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கடைசியில் போகவில்லை. 1993-ல் அவளுக்கு இரண்டாவது பையன் பிறந்திருந்தான். கைக்குழந்தையோடு எந்த வீட்டுக்குப் போவது? 1995-ல் மறுபடியும் யுத்தம். அவள் புருஷன், முகாமில் அநேகம் பேரைப் போல, கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். அவள் ஒரு கம்பெனியில் தினக்கூலி. பின்னேரம் மட்டும் என்னுடையது.

2003-ல், அங்கே போர் நிறுத்தம் இருந்த நாட்களில், தங்கை மகளோடு சென்னைக்கு வந்தாள். பதினாலு வயசுப் பெண், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து எங்கள் வாசலில் நின்றது. உள்ளே வந்ததும் ஒரு பையைக் கவிழ்த்தது. அத்தனையும் ஸ்வெட்டர்கள்! கட்டில்மேல் வரிசையாக, சின்னதிலிருந்து பெரியது வரை பரப்பி வைத்தது. மஞ்சளைத் தேடி எடுத்து, "இதில் எது ஆன்ட்டி உங்கள் வரி?" என்று கேட்டது. நான் விரலை வைத்துக் காட்டினேன். என் சிநேகிதி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சிவப்பு நூலை எடுத்து அதன் மார்பைச் சுற்றி அளந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆயிற்று. 2009-ல் யுத்தம் முடிந்தது. 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் பெண்கள் ஒன்றுசேர்ந்து 11,148.5 சதுர மீட்டருக்கு, அதாவது இரண்டே முக்கால் ஏக்கருக்கு, குரோஷாப் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தபோது, நான் பேப்பரை அவளிடம் காட்டினேன். "எங்கட முகாமையே மூடலாமே!" என்றாள். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் இலங்கையின் பெயர் இல்லை. 2021-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அகதிகள் முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் வைத்தது. பல முகாம்களில் புது வீடுகளும் கட்டிக் கொடுத்தது. பெயர் மாறியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்து, கும்மிடிப்பூண்டியிலேயே படித்த அவளுடைய இளைய பையன் இன்னும் இந்தியப் பிரஜை அல்ல. 1987 ஜூலை 1-ம் தேதிக்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே பிரஜை. அப்படி மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண், கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டாள். என் சிநேகிதியின் பையனோ ஆறு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டான். பிறப்பதற்கும் ஒரு பின்னேரம் உண்டு போலிருக்கிறது.

டொரன்டோப் பெண்ணுக்கு இப்போது ஒரு குழந்தை. தினமும் வீடியோவில் பெரியம்மாவுக்குக் காட்டுகிறாள். சிரிக்கிறது, தவழ்கிறது, எல்லாம் தெரிகிறது. "அளவு மட்டும் அதில தெரியாது பிள்ளை. நூல் அனுப்பு" என்று என் சிநேகிதி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். போன வாரம் கவர் வந்தது. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. அவளுக்குக் கண்ணில் புரை, எனக்கு விரல் மூட்டில் வலி. ஆகையால் முதுகுப்புறம் அவளுக்கு, முன்புறம் எனக்கு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். மஞ்சள் நூல் இரண்டு உருண்டை குறைகிறது. நாளைக் காலை மின்சார ரயிலில் பாரிமுனைப் பக்கம் போய்த் தேட வேண்டும்.