அம்மையின் நொச்சி

பாறசாலையை அடுத்த எல்லையோரச் சிற்றூர் எங்களுடையது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவினர் இருபுறமும் பிரிந்தனர். வேலியோரத்து நொச்சிக்கு மட்டும் எல்லை இல்லை. கைகால் வீங்கினால் அதன் இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பது இருபுறத்து வீடுகளிலும் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையிலிருந்து விடுமுறையில் சென்றிருந்தேன். அம்மையின் வலக்கால் வீங்கியிருந்தது. "பயப்படாதே மக்களே, நொச்சி போட்டிருக்கிறேன், இரண்டு நாளில் வற்றிவிடும்" என்றார். நானும் மகிழ்ந்து இலை பறித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு குளிர்காய்ச்சல் கண்டது. கால் சிவந்து அனலாய்க் கொதித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். தோலுக்கு அடியில் கிருமி பரவியிருந்தது. "முன்பே வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அம்மை பிழைத்தார். எனக்கோ வெட்கத்தால் தலை நிமிரவில்லை.

அப்படியானால் நம் முன்னோர் பொய்யுரைத்தார்களா? விடை தேடிப் படித்தேன். வீக்கத்தைத் தணிக்கும் மருந்தைச் சோதிக்க 1962இல் ஒரு முறை வெளியிடப்பட்டது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் ஊசி வழியே செலுத்துவர். சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். ஒரு கூட்டத்து எலிகளுக்கு மூலிகைச் சாறும், மற்றொரு கூட்டத்திற்கு வெறும் நீரும், இன்னொன்றிற்கு முன்பே அறிந்த மருந்தும் கொடுத்து, எந்தப் பாதம் எவ்வளவு வீங்குகிறது என அளந்து ஒப்பிடுவர்.

இலங்கை ஆய்வாளர்கள் இம்முறையில் முதிர்ந்த பச்சை நொச்சியிலையின் நீர்ச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். தொடக்க வீக்கம் உண்மையாகவே குறைந்தது. ஆனால் வியப்பு ஒன்று: அளவைக் கூட்டக் கூட்டப் பயன் குறைந்தது!

அன்பர்களே, முன்னோர் சொல் வெறுஞ்சொல் அன்று. ஆயினும் எலியின் பாதத்தில் கிருமி இல்லை. என் அம்மையின் காலில் இருந்தது. அங்கே கொடுத்தது உட்கொள்ளும் சாறு. இங்கே வைத்தது ஒற்றடம். ஒன்றின் சான்றை மற்றொன்றிற்குக் கடன் வாங்கியதே என் பிழை. வீக்கம் நோயின் அடையாளமேயன்றி நோயன்று.

தொலைவில் வாழும் நாம் ஊருக்குப் பேசும்போது, "இலை போட்டீர்களா?" என்று கேட்குமுன், "காய்ச்சல் உண்டா? சிவந்து சூடேறியிருக்கிறதா? திடீரென ஒரு கால் மட்டும் வீங்கியதா?" என்று கேட்போம். ஆம் என்றால் முதலில் மருத்துவரிடமே செல்லட்டும். வேலியோரத்து நொச்சி எங்கும் போய்விடாது. திரும்பி வரும்வரை காத்திருக்கும்.